வட்டின் பாகப்பிரிவினை

தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் அரித்துவிட்டதென்றும், எஞ்சியவற்றையே இராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தொகுத்தளித்தாரென்றும் பெரியோர் கூறுவர். கறையானுக்கு அவ்வேலைக்குப் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன. கணிப்பொறியிலுள்ள கணக்கை அழிக்கச் சில நிமிடங்கள் போதும். அதுவும் அழிக்கும் எண்ணமே இல்லாத ஒருவர் கையால்.

அங்கத்தினர் பலர் இல்லங்களில் இப்பொறி உண்டு. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவருக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் குடியிருந்தன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. ஆகவே இது நமக்கு அயலான விஷயமன்று.

வட்டினை ஒரு புல எண்ணுக்குரிய நிலமெனக் கொள்க. சி, டி என நாம் அழைப்பவை அதன் உட்பிரிவுகள். எந்த உட்பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று காட்டும் வரைபடம் வட்டின் தலைப்பில் இருக்கும். பழைய முறையில் அது முதல் 512 பைட்டுக்குள் அடங்கியது. ஜிபிடி எனும் புதிய முறையில் வட்டின் கடைசியிலும் ஒரு நகல் உண்டு.

உபுண்டு போன்றதோர் இயங்குதளத்தை நிறுவுங்கால், 'வட்டை அழித்து நிறுவுக' எனப் பொருள்படும் தெரிவொன்று திரையில் தோன்றும். சங்க எழுத்தர் அதைப் படித்து, பழைய இயங்குதளம் இருந்த சி பாகமே அழியும், கணக்குள்ள டி பாகத்திற்குக் கேடில்லை என நினைக்கிறார். நிறுவும் மென்பொருள் கருதுவதோ புல எண் முழுவதையும்! பழைய உபுண்டுவை நீக்கிப் புதியதை வைக்கும் தெரிவு, அருகிலிருந்த விண்டோஸ் பாகத்தையும் சேர்த்துத் துடைத்ததாக 2014ஐ ஒட்டிப் புகார்களும் எழுந்தன.

எச்சரிக்கையை ஆங்கிலத்தில் அடியில் எழுதியிருக்கிறார்களே, படியாதவர் குற்றமன்றோ என்பர் சிலர். அதை யாம் ஏற்கிலோம். விண்டோஸ் ஒவ்வொரு பாகத்தையும் 'லோக்கல் டிஸ்க்' என்றே பெயரிட்டுக் காட்டிப் பழக்கியிருக்கிறது. அதே 'டிஸ்க்' என்னும் சொல்லை வேறொருவர் முழு வட்டிற்கு வழங்கினால், வழக்கறியாதவர் என் செய்வார்?

பிழை நேர்ந்ததெனத் தெரிந்த கணமே பொறியை நிறுத்துக. வரைபடம் கிழிந்ததால் பயிர் உடனே மடிவதில்லை. புதிதாக எழுதப்படாத இடங்களில் பழைய எழுத்து கிடக்கும். வட்டைக் கழற்றி வேறொரு பொறியில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச மென்பொருளால் பழைய எல்லைகளைத் தேடலாம். மீட்டதை அதே வட்டில் எழுதலாகாது. எஸ்எஸ்டி வகை வட்டாயின் நம்பிக்கை குறைவு. விடுபட்ட இடத்தை 'டிரிம்' என்னும் கட்டளையே துடைத்துவிடக்கூடும்.

நிறுவுமுன் கணக்கை வெளிவட்டில் நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, அவ்வட்டைப் பொறியினின்றும் கழற்றிவிடுக. இணைத்தே விட்டால் அதுவும் அழிக்கத்தக்க வட்டுகளின் பட்டியலில் வந்து நிற்கும். கடலூர்ச் சங்கமாயின் மற்றொரு நகல் சிதம்பரத்தில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயலைக் கண்டவருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பின்னர், பாகங்களை நாமே குறிக்கும் தெரிவினைக் கொண்டு, ஒவ்வொரு பாகத்தின் அளவையும் முன்பே தாளில் குறித்ததோடு ஒப்பிட்டு, பாவு அறுக்குமுன் நெசவாளர் நின்று பார்ப்பதுபோல் ஒருமுறை நின்று பார்த்தபின் பொத்தானை அழுத்துக.