வாப்பா விட்டுவைத்த துணி



உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய கோட் கிடக்கிறதா? வாப்பாவின் கலியாணக் கோட்டாக இருக்கலாம், பெரியவாப்பா உத்தியோகத்துக்குப் போட்டதாகவும் இருக்கலாம். வெளித்துணி நன்றாகவே இருக்கும். உள்ளே பார்த்தால் லைனிங் கிழிந்து நூல் நூலாகத் தொங்கும். எடுத்துப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, திரும்ப மடித்து வைத்துவிடுகிறோம்.

சென்ற வருடம் புத்தளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி இப்படியொரு கோட்டைக் கொண்டுவந்தார். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது. அவருடைய வாப்பா சோனகத் தெருவில் தையற்காரராக இருந்தவர். தன் நிக்காஹ்வுக்கென்று தானே வெட்டித் தைத்த கோட் அது. உடுதுணிகளோடு துணியாக அது வந்து சேர்ந்தது. வாப்பா மெளத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. இப்போது பேரனுக்குக் கலியாணம்.

“மகன் இதைத்தான் போடணும் எண்டு நிக்கிறான். ஆனா ரெண்டு அங்குலம் பத்தாது. ராத்தா, பிழைச்சிப் போனா வேற இல்ல” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பழைய கோட்டில் பிழை விட்டால் அதே துணி கடையில் கிடைக்காது. அதனால் கத்தரிக்கோலை எடுக்க முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கோட்டின் பக்கத் தையல்களும் நடுமுதுகுத் தையலும் பிரிப்பதற்கு இலகுவானவை. கைமுனையில் திறக்கும் பொத்தான் துளைகள் இல்லையென்றால் கையின் நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தோளை மட்டும் தொட வேண்டாம். தோளைக் குறைத்தால் கையைக் கழற்ற வேண்டும், கொலரைக் கழற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டையும் மாற்ற வேண்டும். தேர்ந்த தையற்காரரே தயங்கும் வேலை அது. கோட்டின் உயரத்தையும் அதிகம் குறைக்க வேண்டாம். பொக்கட்டுகள் கீழ்விளிம்போடு வந்து ஒட்டிக்கொண்டு அழகைக் கெடுத்துவிடும். ஆகவே தோள் சரியாக இருக்கும் கோட்டை மட்டுமே திருத்துங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கீழ்ப் பொத்தான் துளைக்குப் பக்கத்தில் முன்பக்கத் துணியை இரு புறமும் விரல்களால் பிடித்து மெல்லப் பிரித்தால், நடுவில் தனியாக ஒரு துணி நழுவுவது தெரியும். அதுதான் கான்வஸ். பழைய தையற்காரர்கள் அதைக் கையால் தைத்து வைத்தார்கள். அப்படிப்பட்ட கோட்டை வீட்டில் தண்ணீரில் நனைக்காதீர்கள். வெளித்துணி ஒரு விதமாகவும் கான்வஸ் வேறு விதமாகவும் சுருங்கும். தூரிகையால் தூசு தட்டி, நிழலில் காற்றாட விட்டு, ஈரத்துணி போட்டு ஸ்திரிக்கை பிடித்தால் போதும்.

லைனிங் எந்தத் துணி?

பழைய லைனிங்கில் ஒரு நூலை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் பட்டு. கடதாசி எரியும் மணம் வந்தால் ரேயன் அல்லது பருத்தி. உருகிக் கடினமான மணியாக உறைந்தால் பொலியெஸ்டர்.

நமது வெப்பத்துக்கு ரேயன் நல்லது. வியர்வையை உறிஞ்சும், கை வழுக்கிக்கொண்டு போகும். பொலியெஸ்டர் மலிவு, உழைக்கும், ஆனால் புழுங்கும். ஆண்கள் போடும் கோட்டுக்கு அசல் பட்டை லைனிங்காக வைப்பதில்லை என்பது நம் வீடுகளில் தெரிந்த விடயம். 45 அங்குல அகலத் துணியில் சுமார் 2 யார் வாங்கினால் ஒரு கோட்டுக்குக் காணும். உயரமானவராயின் சற்றுக் கூட வாங்குங்கள்.

வேலையின் ஒழுங்கு

முதலில் கோட்டின் அளவைத் திருத்த வேண்டும். லைனிங் அதற்குப் பிறகுதான். இதை மாற்றிச் செய்தால் புது லைனிங்கையே திரும்பப் பிரிக்க வேண்டி வரும்.

லைனிங்கை முழுவதுமாகப் பிரிக்காதீர்கள். ஒரு பாதியை மட்டும் பிரியுங்கள். மற்றப் பாதி எது எங்கே சேர்கிறது என்று உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். நான் முதன்முதலில் ஒரு கோட் பிரித்தபோது அவசரத்தில் இரண்டு கைகளையும் ஒன்றாகக் கழற்றிவிட்டேன். இடது எது, வலது எது என்று குறிக்கவுமில்லை. மாற்றித் தைத்ததில் கை திருகிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் வேலை வீண். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டிலும் இடம், வலம், மேல், கீழ் என்று சோக்கால் எழுதாமல் நான் கழற்றுவதில்லை.

பிரித்த துண்டுகளை அழுத்தி, புதுத் துணியில் நூலோட்டம் பார்த்து வைத்து வெட்டுங்கள். கோட்டை எவ்வளவு அகலமாக்கினீர்களோ அவ்வளவு லைனிங்கிலும் கூட்ட வேண்டும். நடுமுதுகில் ஓர் அங்குல மடிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். கையை முன்னே நீட்டும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். அது இல்லாத லைனிங் சில நாளிலேயே அக்குளில் கிழியும். கீழ்விளிம்பிலும் கைமுனையிலும் லைனிங் சற்றுத் தளர்வாக, கோட்டின் விளிம்புக்கு முக்கால் அங்குலம் மேலே நிற்க வேண்டும். நீண்ட தையல்களை மெஷினில் போடலாம். கைக்குழியையும் கீழ்விளிம்பையும் கையால் நுணுக்கமாகத் தையுங்கள்.

இது புதிய வேலையல்ல

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியாவில் 1941 ஜூன் முதலாம் திகதி துணிக்குக் கூப்பன் முறை வந்தது. முதல் வருடத்தில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். லைனிங் வைத்த ஆண்கள் கோட் ஒன்றுக்கே 13 கூப்பன்கள் போய்விடும். 1943இல் பழையதைத் திருத்தி உடுப்பது எப்படி என்று அரசாங்கமே சிறு நூல் வெளியிட்டது. யுத்தத்துக்குப் போன ஆண்களின் கோட்டுகளைப் பெண்கள் தமக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்த பின்னும் 1949 வரை அந்தக் கட்டுப்பாடு நீடித்தது.

இனி அந்தச் சகோதரியின் கோட்டுக்கு வருவோம். லைனிங்கைப் பிரித்தபோது அவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். உள்ளே கான்வஸில் பென்சிலால் சில இலக்கங்கள் எழுதியிருந்தன. நெஞ்சு, இடை, கை நீளம். “இது வாப்பாட எழுத்து” என்று சொல்லி அவர் விரலை அதன்மேல் வைத்தார். அதற்குப் பிறகு சற்று நேரம் நாங்கள் வேலை செய்யவில்லை.

பக்கத் தையல்களைத் திறந்தேன். நடுமுதுகிலும் இரு பக்கங்களிலும் தாராளமாகத் துணி மடித்து விடப்பட்டிருந்தது. மெலிந்த மாப்பிள்ளையாகத் தனக்குத் தைத்த கோட்டில், நாளைக்கு உடம்பு வைக்கும் என்று அந்த மனிதர் விட்டுவைத்த துணி. மூன்று தையல்களிலுமாகத் தேவையான இரண்டு அங்குலமும் கிடைத்தது. பழைய தையல் கோடு மட்டும் இலேசாகத் தெரிந்தது. ஆவி பிடித்துத் தூரிகையால் வாரியதில் பெரும்பாலும் மறைந்தது.

கான்வஸில் இருந்த இலக்கங்களை நாங்கள் அழிக்கவில்லை. அவற்றின் மேல்தான் புது லைனிங்கை வைத்துத் தைத்தோம். மகன் அதைப் போட்டுக்கொண்டு நிக்காஹ்வுக்குப் போனார்.

சகோதரிகளே, பழைய கோட்டை வீசவோ துண்டு துண்டாக வெட்டவோ முன், ஒரு பக்கத் தையலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உங்களுக்காகவும் அங்கே யாராவது துணி விட்டுவைத்திருக்கலாம். நீங்கள் பிள்ளைகளுக்குத் தைக்கும்போதும் ஓர் அங்குலம் கூடவே விட்டுத் தையுங்கள்.