நீர் வழியும் கண்ணும் வறண்டிருக்கலாம்

கண்ணில் நீர் வழிகின்றது என்பதற்காக அது வறண்ட கண் அல்லவென்று நாம் முடிவு செய்துவிட முடியாது. எண்ணெய், நீர், சளிமம் ஆகியன சேர்ந்த மெல்லிய படலமே எமது விழிகளைக் காக்கின்றது. அப்படலம் குலையும்போது விழி உறுத்துகின்றது. அவ்வுறுத்தலினாலேயே கண்ணீர் பெருகுகின்றது.

சாதாரணமாக நிமிடத்திற்குச் சுமார் 15 தடவைகள் இமைக்கும் நாம், கணினியையோ கைத்தொலைபேசியையோ உற்று நோக்கும்போது அதில் பாதியளவே இமைக்கின்றோம். குளிரூட்டப்பட்ட அறை, மின்விசிறிக் காற்று, முதுமை, சில ஒவ்வாமை மருந்துகள் என்பனவும் இவ்வறட்சிக்குக் காரணமாகின்றன.

20 நிமிடங்களுக்கு ஒரு தடவை 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 விநாடிகள் நோக்குதல், இமைகளை முழுமையாக மூடித் திறத்தல், மூடிய இமைகளின் மீது இளஞ்சூடான ஈரத்துணியைச் சில நிமிடங்கள் வைத்தல் என்பன பலருக்கு ஆறுதல் தரும். செயற்கைக் கண்ணீர்த் துளிகளும் உதவும்.

ஆனால், கண் சிவந்தவுடன் வைத்தியரின் ஆலோசனையின்றி வாங்கிப் பாவிக்கும் துளிமருந்துகள் குறித்து எச்சரிக்கை அவசியம். அவற்றில் ஸ்டீரொய்ட் இருப்பின், நாளடைவில் விழியழுத்தம் உயர்ந்து பார்வையே பறிபோகலாம். வலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டால் தாமதியாது கண் வைத்தியரை நாடுவோம். உறுத்தலைப் போக்க முனைந்து பார்வையை இழந்துவிடலாகாது.