திரும்பி வரும் நாளை வைத்துக் கட்டும் பொதி

"ஏன் பிள்ளை, தறப்பாளுக்குள்ள படுத்தது காணாதே? இப்ப காசு குடுத்துப் படுக்கப்போறியோ?"

கூடாரம் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது கிளிநொச்சியில் இருக்கும் அம்மா கேட்டது இது. அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. 2009 இல் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தோம். அகதி முகாம், இராணுவ முகாம், தடுப்பு முகாம் என்று எங்களுக்குத் தெரிந்த முகாம்கள் வேறு. மலையில் விரும்பிப் போய் ஓரிரவு தங்குவதற்கும் தமிழில் அதே சொல்தான் இருக்கிறது.

சில வருடங்களாக நான் கண்டியில் இருந்து எழுதுகிறேன். விடுமுறை கிடைத்தால் 150 சிசி மோட்டார் சைக்கிளில் நக்கிள்ஸ் பக்கம் போவேன். மஹியங்கனை வீதியில் தெல்தெனியவைத் தாண்டி, ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பினால் லூல்வத்த, கோர்பெட்ஸ் கேப் ஊடாக மீமுரே கிராமம் வரை பாதை போகிறது. மடக்கிய கை முட்டியைப் போலத் தெரியும் சிகரங்களால்தான் இந்த மலைத்தொடருக்கு அந்தப் பெயர். 2010 இல் இது மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வடக்கிலிருந்து வரும் நண்பர்கள் பலர், அங்கே போக என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்பயணத்தில் நான் கட்டிய பொதியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஓரிரவுக்கு 3 கிலோ அரிசி, பருப்பு, இரண்டு சட்டி, நான்கு சோடி உடுப்பு, இரண்டு போர்வை. எல்லாவற்றையும் பின் இருக்கையில் உயரமாகக் கட்டினேன். லூல்வத்தவுக்கு மேலே ஒரு வளைவில் முன்சில்லு சொன்ன பக்கம் திரும்பவில்லை. வேகம் குறைவு என்பதால் முழங்கால் தேய்ந்ததோடு தப்பினேன். அன்றிரவுதான் விளங்கியது, நான் கட்டியது சுற்றுலாவுக்கான பொதியல்ல, இடம்பெயர்வுக்கான பொதி. இடம்பெயரும்போது எப்போது திரும்புவோம் என்று தெரியாது. ஆகவே தூக்கக்கூடியது அனைத்தையும் தூக்குவோம். மலைக்குப் போகிறவருக்குத் திரும்பும் நாள் தெரியும். பொதியை அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இப்போது எல்லாவற்றையும் முதலில் நிலத்தில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றையும் எடுத்து "இது எந்த இரவுக்கு?" என்று கேட்கிறேன். பதில் இல்லாதது வீட்டில் நிற்கும்.

பாரத்தை ஏற்றும் முறையே உயிர்காக்கும் விடயம். பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்சில்லு இலேசாகிவிடும். ஏற்றத்திலும் வளைவிலும் கைப்பிடி சொற்கேளாது. பாரமானவை கீழேயும் ஓட்டுநருக்கு அருகேயும் இருக்கவேண்டும். இரண்டு பக்கப் பைகளும் ஏறத்தாழ ஒரே நிறையாக இருக்கட்டும். பை சைலன்சரில் முட்டக்கூடாது. இழுபடும் ரப்பர் கயிறு குலுக்கலில் தளரும். கொளுக்கியோடு இறுக்கும் பட்டி நல்லது. பாரத்துக்கேற்ற ரயர் காற்றின் அளவு வாகனக் கையேட்டில் இருக்கும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்குங்கள்.

கூடாரம் இரண்டு படையுள்ளதாக, தன் கம்பிகளிலேயே நிற்பதாக இருக்கட்டும். கற்தரையில் முளை இறங்காது. இருவருக்கான கூடாரம் ஒன்று பொதுவாக 2 முதல் 3 கிலோ வரும். அடியில் விரிக்கும் தறப்பாள் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீண்டால் மழைநீரை ஏந்தி உள்ளே விடும், விளிம்புக்குள் மடித்துவிடுங்கள். குளிர் மேலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்தே அதிகம் ஏறும். ஆகவே தடித்த போர்வையைத் தேடுவதற்கு முன் ஒரு ஃபோம் பாய் வாங்குங்கள்.

நனையாத ஒரு சோடி உடுப்பு படுக்கைக்கென்றே தனியாக இருக்கட்டும். அதைப் பொலித்தீனில் சுற்றி உரப்பைக்குள் வையுங்கள். விலைகூடிய நீர்புகாப் பை இல்லாவிட்டாலும் இது போதும். மழைக்கு மேலும் கீழும் தனித்தனியான மழையங்கியே நல்லது. தொங்கும் போர்வை அங்கி காற்றில் பறந்து சங்கிலியில் சிக்கும். ஈரக்காட்டில் அட்டைக்கு நீண்ட காலுறையும் கொஞ்சம் உப்பும் வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான், கிளச் கேபிள், ஸ்பானர், ரோச் ஆகியவை மேலாக, உடனே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பெற்றோலை மலை ஏறுமுன் நகரத்திலேயே நிரப்புங்கள். கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். காபனோரொட்சைட்டு மணமில்லாமல் கொல்லும்.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் தங்கமுடியாது. இது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பாதுகாக்கப்பட்ட வனம்; அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே கூடாரம் போடலாம். வானிலையையும் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. மலைக்கு அப்பால் பல இடங்களில் தொலைபேசி எடுபடாது. எந்த வழி போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம் நான்கையும் பொலித்தீனில் போட்டுப் பொதியில் வைக்காமல் உடம்போடு வைத்திருக்கிறேன். பொதி ஆற்றில் விழலாம், களவு போகலாம். இதை எனக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 2008 இல் ஒரு லாண்ட்மாஸ்ரர் நிறையச் சாமானோடு வெளிக்கிட்டோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். கடைசியில் மிஞ்சியது அம்மா நெஞ்சோடு கட்டியிருந்த பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் இருந்த பை மட்டும்தான்.

இரண்டாவது பயணத்துக்கு முதல்நாள் அம்மாவே அழைத்தார். "சுத்திவர வாய்க்கால் வெட்டிப்போட்டுப் படு" என்றார். 2009 ஓகஸ்ட் மழையில் மெனிக் பாமில் வெள்ளம் கூடாரங்களுக்குள் புகுந்தபோது கற்ற பாடம் அது. காட்டில் நிலத்தை வெட்டக்கூடாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மேட்டில போடு. ஆத்துக்குக் கிட்டவும் போடாத, மண் சரியிற பக்கமும் போடாத. பட்ட மரத்துக்குக் கீழயும் வேண்டாம்" என்றார். நான் படித்த எந்த வழிகாட்டியும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் கூடாரத்தை விரித்து வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்படி முற்றத்தில் காயவிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது.

"வந்திட்டியோ? கொண்டுபோன சாமான் எல்லாம் கிடக்கோ?"

எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. சொன்னேன். மறுமுனையில் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.