இழை மேகம்

கடலை ஒட்டிச் சில மீட்டர் உயரத்தில் பறந்து வரும் ஏவுகணையை, பூமி வளைந்திருப்பதால், போர்க்கப்பலின் ராடார் ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குள் வந்த பிறகே காண முடியும். ஏவுகணையின் வேகம் வினாடிக்கு 300 மீட்டர் என்றால், கிடைக்கும் அவகாசம் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள், ஒன்றரை நிமிடம்கூட இல்லை!

சுட்டு வீழ்த்தலாம், ஏமாற்றவும் செய்யலாம். ஏவுகணையின் மூக்கிலும் ஒரு சிறு ராடார் உண்டு. அதன் அலைகள் கப்பலில் பட்டுத் திரும்புவதைக் கொண்டே அது இலக்கை அறிகிறது. எனவே கப்பலிலிருந்து சிறு ராக்கெட்டுகளைச் செலுத்தி, அலுமினியம் பூசிய மெல்லிய கண்ணாடி இழைகளை ஏராளமாக வானில் தூவுகிறார்கள். இழையின் நீளம் ராடார் அலை நீளத்தில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். அலை நீளம் 3 சென்டிமீட்டர் எனில், இழை 1.5 சென்டிமீட்டர். அந்த அளவில் ஒவ்வோர் இழையும் ஆன்டெனா போல் அலையை வலுவாகத் திருப்பி அனுப்பும். ஏவுகணைக்கு அம்மேகமே கப்பலாகத் தோன்றும்.

சரி, மேகத்தைத் துளைத்து வெளியே வந்த ஏவுகணை என்னவாகும்? 1982 மே 25 அன்று, பாக்லாந்துப் போரில், அர்ஜென்டினா விமானங்கள் ஏவிய எக்சோசெட் ஏவுகணைகள் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் இழை மேகங்களால் திசை மாறின. ஆனால் அப்பால் நின்றது 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற சரக்குக் கப்பல். அதில் இழை தூவும் சாதனம் இல்லை. அது தாக்குண்டு எரிந்தது. 12 பேர் மாண்டனர்.