அட்டைப்பெட்டி விஆர்: முந்நூறு ரூபாயும் ஒரு ஜைரோஸ்கோப்பும்

ஆயுத பூஜைக்குப் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய அட்டைப்பெட்டி கையில் கிடைத்தது. முன்பக்கம் இரண்டு லென்ஸ், பின்பக்கம் போன் வைக்க ஒரு மடிப்பு, இத்துப்போன ரப்பர் பேண்ட். 2016-ல் ரிச்சி தெருவில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கியது. "இது என்னப்பா?" என்று மகள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு பழைய கதை.

வாங்கின அன்றைக்கே மனைவியின் புது போனை உள்ளே வைத்து, ரோலர் கோஸ்டர் ஆப் ஒன்றை ஓடவிட்டு மாமனாரிடம் கொடுத்தேன். "தலையைத் திருப்பிப் பாருங்க மாமா" என்றேன். திருப்பினார். படம் திரும்பவே இல்லை. "நல்லாத்தான் இருக்கு மாப்ளே, டிவியைப் பக்கத்துல வச்சுப் பாக்குற மாதிரி" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் கடைக்குப் போய் மாற்றிக் கேட்டேன். கடைக்காரர் பெட்டியைக் கையில்கூட வாங்கவில்லை. "போன்ல ஜைரோ இருக்கா சார்?" என்றார். பத்து வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதி வயிறு வளர்த்தவனுக்கு அது தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த வடிவத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது கூகுள். அவர்களின் பாரிஸ் அலுவலகத்தில் டேவிட் கோஸ், டேமியன் ஆன்ரி என்ற இரண்டு பொறியாளர்கள் செய்து பார்த்தது, 2014 ஜூனில் கூகுள் ஐ/ஓ மாநாட்டில் வெளியானது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மார்க் போலாஸின் குழு, போனைச் செருகும் மடிப்பு அட்டை ஒன்றைச் செய்து காட்டியிருந்தது. இன்னும் பின்னால் போனால் 1838-ல் வீட்ஸ்டன் கண்ணாடிகளை வைத்துச் செய்த ஸ்டீரியோஸ்கோப் வரை போகலாம். வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி எடுத்த இன்னொரு படம். மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் என்று புரிந்துகொள்ளும். சின்ன வயசில் வட்ட ரீல் போட்டு வியூ மாஸ்டர் பார்த்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை.

லென்ஸ் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். போனைக் கண்ணுக்கு நாலு செ.மீ. தூரத்தில் வைத்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது. அவ்வளவு பக்கத்தில் கண்ணால் குவிக்க முடியாது. கூகுளின் முதல் மாடலில் லென்ஸின் குவியத் தூரம் 45 மி.மீ., லென்ஸுக்கும் திரைக்கும் இடைவெளி 42 மி.மீ. பிளஸ் டூ இயற்பியல் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 42-ஐ 45-ஆல் பெருக்கி, வித்தியாசமான 3-ஆல் வகுத்தால் 630. அதாவது திரை சுமார் 63 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும், கம்ப்யூட்டர் மானிட்டர் தூரத்தில். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்த எனக்குப் புத்தகத்துக்குக் கண்ணாடி வேணும், இந்தப் பெட்டிக்கு வேண்டாம். காரணம் அந்த 63 தான்.

ஆனால் அதே 63 தான் தலைவலிக்கும் ஒரு காரணம். எதிரே இமயமலை தெரிகிறது. இரண்டு கண்களும் தொலைதூரத்தைப் பார்ப்பதுபோல நேராக நிற்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸோ 63 செ.மீ.-க்குக் குவிந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஜோடியாக வேலை செய்த இரண்டு செயல்களை இந்தப் பெட்டி பிரித்துவிடுகிறது. விலை அதிகமான ஹெட்செட்களிலும் இந்தப் பிரச்சினை இருக்கு. அரை மணி நேரம் தொடர்ந்து பார்த்தால் தெரியும்.

படத் தெளிவையும் ஒரு வரியில் கணக்குப் போடலாம். 1920 புள்ளி அகலத் திரையைப் பாதியாக்கினால் ஒரு கண்ணுக்கு 960. அதைச் சுமார் 90 டிகிரிக்கு விரித்தால் டிகிரிக்குப் பத்துப் பதினொரு புள்ளி. நல்ல பார்வைக்கு டிகிரிக்கு 60 வேணும். அதனால்தான் கொசுவலைக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கு.

சரி, ஜைரோ. தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று பெட்டிக்குத் தெரியாது. அதில் பேட்டரியே கிடையாது. போன்தான் சொல்லணும். போனில் இதற்கு மூன்று சென்சார்கள் உதவும். ஆக்சலரோமீட்டர் புவியீர்ப்பைப் பார்த்து எது கீழ் என்று சொல்லும். தலையை மேலே கீழே ஆட்டினால் அதற்குப் புரியும். ஆனால் நின்ற இடத்தில் இடமிருந்து வலம் திரும்பினால் 'கீழ்' மாறவே மாறாது, அதனால் அதற்குத் தெரியாது. மாமனாருக்கு நடந்தது இதுதான்.

திசைகாட்டி இருக்கே என்று கேட்கலாம். அதன் அளவீடு நடுங்கும், பக்கத்தில் இரும்பு இருந்தால் பொய் சொல்லும். போதாததற்கு, முதல் மாடலின் 'பட்டன்' ஒரு காந்தம்! பக்கவாட்டு வளையத்தைக் கீழே இழுத்தால் காந்தப்புலம் மாறும், அதை போன் க்ளிக் என்று எடுத்துக்கொள்ளும். புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே காந்தத்தைக் கட்டிவிட்டு அதனிடம் வடக்கு எது என்று கேட்க முடியாது. 2015-ல் வந்த இரண்டாவது மாடலில் காந்தத்தை எடுத்துவிட்டுத் திரையைத் தொடும் நெம்புகோலை வைத்தார்கள்.

மிச்சம் இருப்பது ஜைரோஸ்கோப். சிலிக்கனில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடை அதிர்ந்துகொண்டே இருக்கும். போன் திரும்பும்போது அது பக்கவாட்டில் கொஞ்சம் விலகும். அந்த விலகலிலிருந்து திரும்பும் வேகம் கிடைக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம். சின்னச் சின்னப் பிழைகளும் கூடவே சேரும், அதனால் உலகமே மெல்ல ஒரு பக்கமாக நகரும். மேல்-கீழ் சாய்வை ஆக்சலரோமீட்டரை வைத்துத் திருத்திவிடலாம், இட-வல நகர்வை அப்படித் திருத்த முடியாது.

இந்த ஒரு சில்லைத்தான் அப்போது குறைந்த விலை போன்களில் சேர்க்காமல் விட்டார்கள். சாதாரணமாக போன் பயன்படுத்த அது தேவைப்படாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆக, 599 டாலர் ஆக்குலஸ் ரிஃப்ட்டுக்கு மாற்றாக முந்நூறு ரூபாயில் விஆர் என்று நாம் சொன்னது பாதிதான் உண்மை. விலை பெட்டியில் இல்லை, போனில் ஒளிந்திருந்தது. சாம்சங் கியர் விஆர் இதைப் புரிந்துகொண்டு ஹெட்செட்டுக்குள்ளேயே நல்ல சென்சாரை வைத்தது. படமும் குலுங்காமல் வந்தது. ஆனால் 99 டாலரும் வேணும், சாம்சங்கின் விலை உயர்ந்த போனும் வேணும்.

போனை நம்பிப் பிறந்தது போனாலேயே முடிந்தது என்றும் சொல்லலாம். பெட்டிக்குள் போனதும் போன் போனாக இருக்காது. அழைப்பு வந்தால் வெளியே எடுக்கணும், பேட்டரி கரையும், சூடாகும். 2019-ல் கூகுள் தன் டேட்ரீம் ஹெட்செட்டை நிறுத்தியபோது சொன்ன காரணமும் இதுதான். அந்த நவம்பரில் கார்ட்போர்டின் மென்பொருளைத் திறமூலமாக்கினார்கள். 2021 மார்ச்சில் பெட்டி விற்பனையையும் நிறுத்தினார்கள்.

மகள் கதைக்கு வருகிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சியில் இதை வைத்து சூரிய மண்டலம் காட்டணும் என்று ஆசைப்பட்டாள். திறமூலக் கோடை எடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். குழுவில் நாலு பேர், நாலு பேரும் அவரவர் வீட்டு போனைக் கொண்டுவருவதாகப் பேச்சு. வழக்கமாகச் செய்யாததைச் செய்தேன்: முதலில் இலவச சென்சார் ஆப் ஒன்றைப் போட்டு நாலு போனிலும் ஜைரோஸ்கோப் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டில் இருந்தது, இரண்டில் இல்லை. இல்லாத இரண்டில் ஒன்று, கட்டட வேலைக்குப் போகிற ஒரு அப்பாவின் போன். அந்தப் பையன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ரிச்சி தெரு ஞாபகம் வந்தது.

இல்லாத போன்களுக்காக ஆப்பில் ஒரு மாற்றம் செய்தேன். தலையைத் திருப்ப வேண்டாம். இடப்பக்கமோ வலப்பக்கமோ தோளை நோக்கிச் சாய்த்தால் போதும், காட்சி அந்தப் பக்கம் மெதுவாகச் சுழலும். சாய்வு ஆக்சலரோமீட்டருக்குத் தெரியுமே! நிஜ விஆர் இல்லைதான், கொஞ்சம் தலை சுற்றும். சுழலும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பார்ப்பவரை உட்கார வைத்து, ஒருவருக்கு இரண்டு நிமிஷம் என்று வரம்பு வைத்ததும் சமாளிக்க முடிந்தது. கண்காட்சி அடுத்த வெள்ளிக்கிழமை. ரப்பர் பேண்ட் மட்டும் புதுசு வாங்கணும்.