வயலின் எல்லையை அறியும் வழி

மாரி மழைக்கு முன் வரம்பு கட்டும் நாட்களிலேதான் எல்லைத் தகராறுகள் தலைதூக்குகின்றன. ஒருவர் வரம்பை ஒரு முழம் தள்ளிக் கட்டுவார். அயலவர் மண்வெட்டியுடன் வந்து நிற்பார். அவ்வேளையில் உறுதி பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கும்.

உப்புவெளியில் கத்தரித் தோட்டக்காரர் ஒருவர் தமது உறுதியை எம்மிடம் கொணர்ந்தார். கிழக்கெல்லை வாய்க்கால் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. வாய்க்காலோ வெள்ளத்தில் கரையை அறுத்து வேறு வழியாக ஓடலாயிற்று. பழைய தடத்திற்கும் புதிய தடத்திற்கும் இடையில் அவருடைய கிணறு இருந்தது. அது யாருடைய நிலத்தில் உள்ளது என்பதை உறுதியின் சொற்களால் தீர்க்க முடியவில்லை. உறுதியின் அட்டவணையிலே குறிக்கப்பட்டிருந்த நில அளவை வரைபடமே தீர்த்தது. கிணறு அவருக்கே உரியதாயிற்று. ஆயின் வடபுறத்தில் இரண்டு பேர்ச் நிலத்தை அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

ஆகவே முதலில் உறுதியில் வரைபட இலக்கம், திகதி, நில அளவையாளர் பெயர் ஆகியவற்றைத் தேடுக. உறுதி தொலைந்திருப்பின் திருகோணமலைக் காணிப் பதிவகத்திற்குச் செல்க. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவற்றுள் தெரிந்ததைக் கொண்டு, கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்வையிடலாம். முந்திய உறுதிகளும் ஈடுகளும் அதிலே வரிசையாகக் காணப்படும். வரைபடம் அரசாங்கத்தினுடையதாயின் நில அளவைத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் பிரதி கோரலாம். 1800 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட திணைக்களம் அது.

கடையில் வாங்கும் தேசப்படம் இதற்கு உதவாது. 1:50,000 அளவுத்திட்டத்தில் ஓர் ஏக்கர் நிலம் ஒன்றேகால் மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரமாகவே தோன்றும். எறும்பு அதை மறைத்துவிடும்!

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றோர், பிரதேச செயலகத்திலுள்ள காணிப் பேரேட்டையும் பார்த்தல் வேண்டும். பின்னுரித்தாளரின் பெயர் அதிலே பதியப்பட்டுள்ளதா என்பதையும் அப்போதே கேட்டறிக. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயக் காணி இடாப்பு பயிரிடுபவரையும் பரப்பையும் காட்டுமேயன்றி எல்லைக் கோட்டைக் காட்டாது. அவ்விடாப்பின் பிரதியை வைத்துக்கொண்டு வேலியை நகர்த்தப் புறப்பட்டோரையும் யாம் கண்டதுண்டு.

பழைய வரைபடங்களில் பரப்பு ஏக்கர், றூட், பேர்ச் என்றும், புதியவற்றில் ஹெக்டேயர் என்றும் இருக்கும். ஓர் ஏக்கருக்கு 4 றூட். ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர்.

வரைபடம் கிடைத்தபின் உத்தரவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையைப் பெயர்த்துக் காட்டச் செய்க. அன்று அயலவரையும் அழைத்துக்கொள்க. எல்லைக்கல்லை உழவின்போது பிடுங்கி ஓரத்தில் எறிதல் தண்டனைக்குரிய குற்றமாகும். கல் புதைந்துபோகாவண்ணம் அதனருகே ஒரு கிளுவைக் கதியாலை நட்டு வைக்கலாம். கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.