இடிந்த வீட்டு மரத்தில் ஒரு மேசை

தீவகத்தில் ஆளில்லாமல் கிடந்து இடிந்துபோன வீடொன்றைத் துப்புரவு செய்யும்போது கல்லும் ஓடும் ஒரு பக்கம் குவியும். இன்னொரு பக்கம் மரங்கள் சேரும்: வளையில் போட்ட பனை, கதவு நிலைக்கு வைத்த முதிரை, யன்னலுக்கு அடித்த வேம்பு. 1990 ஓகஸ்டில் இராணுவம் ஊர்காவற்றுறை, மண்டைதீவு பகுதிகளைக் கைப்பற்றியபோது விட்டுவிட்டு ஓடிய வீடுகளில் இவ்வளவும் மிஞ்சியிருப்பதே பெரிய காரியம். கூரையும் கதவும் யாரோ கழற்றிக்கொண்டு போன வீடுகள்தான் அதிகம். மிஞ்சியதும் கடைசியில் விறகாகிவிடுகிறது.

அதை எரிக்க வேண்டியதில்லை. நல்ல தச்சர் ஒருவர் கிடைத்தால், அந்த மூன்று மரமும் சேர்ந்த ஒரு மேசை செய்யலாம். நிறம் மாறுபட்ட வன்மரங்களைச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கறுத்த கருங்காலியையும் மஞ்சள் முதிரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தளபாடம் செய்தார்கள். கருங்காலி இன்று பாதுகாக்கப்பட்ட மரம், அதை மறந்துவிடலாம். அந்தக் கறுப்பைத் தர நமக்குப் பனை இருக்கிறது.

பனை மற்ற மரங்களைப் போல வளர்வதில்லை. அதற்கு ஆண்டு வளையம் கிடையாது. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும், பனையில் வெளிப்புறத்தில் இருக்கும். கறுப்பு நார்கள் நெருங்கிய அந்த ஓரப்பகுதி மட்டுமே மேசைக்கு உதவும், நடுப்பகுதி மெதுவானது. நார் வழியே வெடிக்கும் குணமும் இதற்கு உண்டு. துளை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். சீவும்போது சிராய் கையில் ஏறும். ஆகவே பனையை அகலப் பலகையாக்க முயல வேண்டாம். ஓர் அங்குலப் பட்டியாகவோ காலாகவோ எடுப்பதே புத்தி.

முதிரை வன்னிக் காட்டு மரம். இழைத்தால் பட்டுப்போல மினுங்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் உண்டாக்கும், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். வேம்பு செம்மண்ணிறம். பூச்சி எளிதில் அண்டாது, கடலுக்கும் தாங்கும். 1938ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை பாய்விரித்துப் போன வல்வெட்டித்துறையின் அன்னபூரணி கப்பல் வேப்பமரத்தில் கட்டப்பட்டதுதான்.

வாளை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை நம் பகுதிக்கே உரியது. மரத்துக்குள் ஆணி மட்டும் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. எறிகணைச் சிதறல் இருக்கலாம், சன்னம் இருக்கலாம். மின்வாள் அதில் பட்டால் பல் உடைந்து பறக்கும். காந்தத்தை மரத்தின்மேல் மெதுவாக இழுத்தால் இரும்புச் சிதறல் ஆழமில்லாமல் இருந்தால் அகப்படும். ஆனால் ஈயமும் செம்பும் காந்தத்துக்குப் பிடிபடாது, சன்னத்தில் அவையும் இருக்கலாம். அதனால் உலோகம் கண்டறியும் சிறு கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கண்ணால் பார்க்க வேண்டும். மூடிப்போன சிறு துளை, அதைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் அங்கே உளியால் தோண்டிப் பாருங்கள். எடுத்தபின் வரும் குழியை எல்லோரும் மெழுகால் அடைக்கிறார்கள். எனக்கென்றால், அதில் சிறு பனைத் துண்டொன்றை இறுக்கி வைப்பதே பிடிக்கும். குழி இருந்த இடம் தெரிந்தால் என்ன?

பழைய மரம் காய்ந்தது என்பதும் பாதி உண்மைதான். கூரையில்லாமல் இருபது முப்பது மாரி நனைந்த மரம் அது. வெட்டிய பலகைகளுக்கிடையே சிறு சட்டம் வைத்து அடுக்கி, நிழலில் காற்றுப்பட ஒரு சோழகம் முழுக்க விட வேண்டும்.

இந்த அவசரத்தில்தான் பல மேசைகள் கெடுகின்றன. மரம் நீளப்பாட்டில் அசையாது, அகலப்பாட்டில் மாரிக்கு ஊதும், சோழகத்துக்குச் சுருங்கும். ஒவ்வொரு மரமும் ஒவ்வோர் அளவில். இரண்டரை அடி அகல மேசையில் இது சில மில்லிமீற்றர் வரும். அந்தச் சில மில்லிமீற்றருக்கு இடம் விடாமல் நாலு பக்கமும் முதிரைச் சட்டம் போட்டு, உள்ளே வேப்பம் பலகையைப் பசையால் ஒட்டினால், இரண்டாம் வருடம் பலகை வெடிக்கும் அல்லது சட்டம் மூலையில் திறக்கும். சரியான முறை: சட்டத்தின் உட்புறத்தில் தவாளிப்பு வெட்டி, பலகையை அதற்குள் பசையில்லாமல் செருகுவது. பலகைகளுக்கிடையே பனைப் பட்டியை நீளப்பாட்டிலேயே வைத்து ஒட்டலாம், நார் ஒரே திசையில் போவதால் சண்டை குறைவு. முதிரையும் பனையும் பசையை எளிதில் உறிஞ்சாதவை. சீவிய அன்றே, தூளைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு ஆணியால் அறையக்கூடாது. திருகாணிக்கு நீள்துளை போட்டால் பலகை அசைய வழியிருக்கும். திருகாணி பித்தளையாக இருக்கட்டும். உப்புக்காற்றில் இரும்பு நிற்காது.

ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பில் மேற்பலகையை முழுக்க முதிரையில் செய்தால் அது மட்டும் 28 கிலோ அளவில் வரும். வேம்பில் 20 கிலோவை ஒட்டி. நடுவில் வேம்பை வைப்பதற்கு நிறம் மட்டுமல்ல, இந்தப் பாரமும் காரணம்.

மரம் போதாமல் போனால் காணியில் நிற்கும் பனையில் கை வைக்கத் தோன்றும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியில்லாமல் வெட்டத் தடை விதிக்கும் சட்டம் 1951இலிருந்து இருக்கிறது. போரில் காவலரண்களுக்காக அழிந்த பனைகளின் கணக்கும் நமக்குத் தெரிந்ததே. பழைய மரத்தை வேறிடத்துக்கு ஏற்றுவதற்கும் பத்திரம் வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ மேசை செய்பவர்கள் கால்களைப் பசையால் ஒட்டாமல், கழுந்தில் ஆப்பு இறுக்கிப் பூட்டும்படி செய்யச் சொல்லுங்கள். ஆப்பைத் தட்டினால் கால் கழன்றுவிடும். குறிகாட்டுவானுக்குப் போகும் படகில் சனத்துக்கு நடுவே நாலு காலோடு ஒரு மேசையை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று தெரியும்.